முகம் அவளுடையது, கொட்டில் எங்களுடையது

இல்லை ராத்தா. பொறாமை இல்லை.

எழுதிவிட்டுப் பார்க்கிறேன். இரண்டு தடவை ‘இல்லை’ வந்திருக்கிறது. ஒன்று போதும். இருக்கட்டும்.

அஸ்ஸலாமு அலைக்கும். இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். தோஹாவில் இருக்கும் நிஹாறா ராத்தாவுக்கும், அஹ்ஸன் மச்சானுக்கும், நான் போனில் மட்டுமே தூக்கியிருக்கும் உங்கள் சின்ன மகனுக்கும், கல்முனைக்குடியிலிருந்து தங்கச்சி ஆகிலா எழுதுவது. அல்ஹம்துலில்லாஹ், நாங்கள் மூவரும் சுகம். வாப்பாவின் இருமலும் சுகமாக இருக்கிறது. உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் உம்மா துஆ கேட்கிறா. உங்கள் ஏ.சி.யின் சுகத்துக்கும்.

நேற்று முன்தினம் நீங்கள் அனுப்பிய குரல்பதிவை மூன்று தடவை கேட்டேன். நான்கு நிமிடம். மூன்று கேள்விகள். முதலாவது, றஸ்னாவோடு நான் கதைப்பதில்லையாம், பொறாமையா என்பது. இரண்டாவது, போஸ்டரில் அவளுக்குப் பின்னால் நிற்பது நம்முடைய பின்கொட்டில்தானே என்பது. மூன்றாவது கேள்விக்குக் கடைசியில் வருகிறேன்.

பதிலையும் குரல்பதிவாகவே அனுப்பியிருக்கலாம். குரலில் எனக்குப் பொய் வராது. எழுத்தில் வரும். நாலு வருடம் அதைத்தான் படித்தேன். வெள்ளிக்கிழமை நம் ஊர் றிம்சான் தோஹா வருகிறார். அவருடைய பையில் உம்மா கிண்டிய இனிப்புத் தொதல், மிளகாய்த்தூள், சூடைக் கருவாடு. தொதலுக்கும் கருவாட்டுக்கும் நடுவில் இந்தக் கடிதம். எந்த மணம் அதிகமோ அதை நம்புங்கள்.

நோக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் முன்வீட்டை, தை மாதத்திலிருந்து, ‘மிச்சம் வைக்கோம்’ இயக்கத்தின் பிரதேசக் காரியாலயமாகக் கொடுக்க உங்கள் சம்மதம் வேண்டும். காரியாலயம் வந்தால் அங்கே எனக்கு வேலை. இணைப்பாளர். பட்டம் வாங்கி மூன்று வருடத்தில் முதல் வேலை. படுக்கையிலிருந்து பதினெட்டு அடி.

நீங்கள் போயும் மூன்று வருடம். வளவு மறந்திருக்கலாம். கடப்படியால் உள்ளே வந்தால் முன்வீடு. வாப்பா பதினொரு வருடம் சவூதியில் லொறி ஓட்டிக் கட்டியது. உங்கள் சீதனம். காணி உறுதியில் உங்கள் பெயர். டைல்ஸ் நிலம், மூன்று அறை, கொமட் வைத்த மலசலகூடம். பூட்டியிருக்கிறது. உம்மா வெள்ளிக்கிழமைகளில் திறந்து கூட்டி, மறுபடி பூட்டுவா. அதற்குப் பின்னால் பழைய குசினியும், குசினியோடு சாய்த்துக் கட்டிய தகரக் கொட்டிலும். அதில் வாப்பா, உம்மா, நான். வளவின் வலது பக்கம் எனக்கென்று தொடங்கிய வீடு. எட்டு வரிக் கல்லோடு நின்றுவிட்டது. மூலைகளில் துருப்பிடித்த கம்பிகள். உம்மா அதில் கொடி கட்டி உடுப்புக் காயப்போடுகிறா. எனது சீதனம் வெயிலில் நன்றாகக் காய்கிறது.

இதையும் பொறாமையில் சொல்லவில்லை. வளவை விபரிக்கிறேன்.

இனி இயக்கம். நாட்டில் அதிவறுமையை இரண்டாயிரத்து முப்பதுக்கு முன் இல்லாமல் செய்வது அவர்கள் நோக்கம். பெரிய நோக்கம். ரீசேர்ட் சின்னது. அபாயாவுக்கு மேலே போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். போட்டேன். ஒவ்வொரு பிரதேசத்திலும் மிக வறிய பத்து வீடுகளைக் கண்டுபிடிப்பது, அந்தப் பத்தில் ஒரு பெண்ணைக் கொழும்பு மாநாட்டுக்கு அழைத்துப்போய் மூன்று நிமிடம் கதைக்க வைப்பது, அவளுடைய முகத்தைப் போஸ்டரில் போடுவது. நான் தொண்டர். சம்பளம் இல்லை. வீடு வீடாகப் போய் ஒரு போம் நிரப்ப வேண்டும். கூரை என்ன, நிலம் என்ன, எத்தனை பேருக்கு எத்தனை அறை, பிரிஜ் உண்டா. முப்பது கேள்விகள். ஒவ்வொரு இல்லாமைக்கும் ஒரு புள்ளி. புள்ளி கூடக் கூட வறுமை கூட. வாழ்க்கையில் முதன்முறையாக, இல்லாதவற்றுக்குப் புள்ளி தரும் ஒரு பரீட்சை.

முதல் கிழமை ஒருவருமே வறியவராக இல்லை. குமர்ப்பிள்ளை இருக்கும் வீடுகளில் பயம். பெயர் பட்டியலில் வந்தால் கலியாணம் பேச வருகிறவர்கள் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள் என்று. நான் படலையைத் தட்டும்போதே உள்ளே புதுத் திரைச்சீலை மாட்டும் சத்தம் கேட்கும். கடந்த முப்பது நாட்களில் சாப்பாடு போதாமல் கவலைப்பட்டீர்களா என்பது பன்னிரண்டாவது கேள்வி. ஒரு வீட்டில் ஆட்டிறைச்சி எலும்பைக் கொண்டுவந்து காட்டினார்கள். பெருநாள் எலும்பு. நான் அதை முந்தின நாள் பக்கத்து வீட்டிலும் கண்டிருந்தேன்.

இரண்டாவது கிழமை யாரோ கதையைக் கட்டிவிட்டார்கள், பட்டியலில் வரும் வீடுகளுக்கு ஏதோ கிடைக்கப்போகிறதாம், தகரமோ தையல் மெசினோ என்று, அவ்வளவுதான், ஒரே கிழமையில் ஊர் முழுக்க ஏழையாகிவிட்டது, திரைச்சீலைகள் கழன்றன, மோட்டார் சைக்கிள்கள் சாய்ந்தமருதில் உள்ள சொந்தக்காரர் வீடுகளுக்கு விருந்து போயின, எலும்பு காட்டிய அதே வீட்டில் என்னை வெறும் நிலத்தில் இருக்க வைத்து வெறும் தண்ணீர் தந்தார்கள், ஸைனுலாப்தீன் மாமா வீட்டில் பிரிஜ்ஜைப் பழைய சேலையால் சுற்றிக் கட்டி அதற்கு மேலே கோழிக்கூட்டை ஏற்றி வைத்திருந்தார்கள், நான் போமை நிரப்பிக்கொண்டிருக்கும்போது சேலைக்குள்ளே ‘கிர்ர்’ என்று சத்தம் வந்தது, அது என்ன சத்தம் மாமா என்று கேட்டேன், அவர் மேலே பார்த்து, கீழே பார்த்து, “அது, கோழிக்குத் தடிமன், மகள்” என்றார். பிரிஜ் உண்டா என்ற கட்டத்தில் நான் ‘கோழி’ என்று எழுதினேன்.

நமது வீட்டையும் நிரப்பிப் பார்த்தேன். சும்மா, பழகுவதற்கு. முன்வீட்டுக்குப் பூச்சியம். நாங்கள் அதில் இல்லையே என்று பிறகு பின்கொட்டிலுக்கு நிரப்பினேன். வீட்டுத் தலைவர் பெயர், பக்கீர் முகைதீன். அங்கத்தவர் மூவர். புள்ளி இருபத்து மூன்று.

பிரதேசத்திலேயே அதுதான் கூட. றஸ்னா வீடு இருபத்தொன்று.

அந்தப் போமை நான் கொடுக்கவில்லை. பட்டச் சான்றிதழ் இருக்கும் பைலுக்குள், சான்றிதழுக்குப் பின்னால் வைத்தேன். தொண்டர் வீடே முதலாவதாக வந்தால் நன்றாக இருக்காது. அப்படித்தான் எனக்கு நானே சொன்னேன். ஆகவே முதலாமிடம் றஸ்னாவுக்குப் போனது. எங்கள் மாமாவின் மகள். என் வயது. சாதாரண தரத்தோடு படிப்பை விட்டவள். விடியப்புறம் இடியப்பம் அவித்து, ஏழு மணிக்குள் விற்று முடித்துவிடுகிறவள். பள்ளிக்கூடத்தில் பதினொரு வருடம் எனக்கு அடுத்த கதிரை. அங்கே எல்லாப் பாடத்திலும் நான்தான் கூட. இங்கே அவள், அதுவும் என்னைவிட இரண்டு புள்ளி குறைய எடுத்து.

பிறகு கொழும்பிலிருந்து அவர்கள் வந்தார்கள். மாவட்டத்துக்குப் பொறுப்பான இன்ஸாப் சேரும், தம்பிலுவில்லைச் சேர்ந்த சுஜிந்தன் என்ற படப்பிடிப்பாளரும். என்னைக் கூட்டிக்கொண்டு றஸ்னா வீட்டுக்குப் போவதுதான் திட்டம். கடப்படியில் நிற்கிறேன், வாகனம் வந்து நிற்கிறது, உம்மா இடுப்பிலிருந்து சாவியை எடுத்துவிட்டா. கண்ணால் வேண்டாம் என்றேன். அவ வாயாலேயே சொன்னா.

“வந்த ஆக்கள குசினிக்குள்ளயா இரிக்க வெக்கிற? நாளைக்கு மருமகன்ட ஆக்கள் என்ன கதைப்பாங்க?”

முன்வீடு திறந்தது. சோபாவின் சீலை கழன்றது. மின்விசிறி சுற்றியது. உங்கள் கலியாணத்துக்கு வந்த பீங்கான் தட்டுகளில் வட்டிலப்பம், கேக், கோழிக்கூட்டு வாழைப்பழம். அதிவறுமையை ஒழிக்க வந்தவர்கள் இரண்டாம் தரமும் வட்டிலப்பம் கேட்டார்கள். இன்ஸாப் சேர் டைல்ஸைக் காலால் தடவிப் பார்த்தார். இப்படி ஒரு இடத்தைத்தான் காரியாலயத்துக்குத் தேடிக்கொண்டிருந்தாராம். ஆளும் இடமும் ஒரே வளவில் கிடைப்பது அதிர்ஷ்டமாம். நீங்கள் எங்கே படுக்கிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை. இந்த வீட்டைப் பார்த்த ஒருவரும் கேட்பதில்லை. அந்த இடத்தில்தான் எனக்கு வேலை உறுதியானது. நான் இன்னொரு துண்டு கேக் சாப்பிட்டேன்.

றஸ்னா வீட்டில் வேறு பிரச்சினை. கொழும்பு ஆட்கள் வருகிறார்கள் என்று தெரிந்ததும் மாமி சுவருக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தா. எங்கள் வீட்டுப் பிளாஸ்டிக் கதிரைகள் ஆறையும் இரவல் வாங்கி வரிசையாகப் போட்டிருந்தா. உங்கள் பழைய திரைச்சீலைகூட அங்கே தொங்கியது. றஸ்னா சுவரில் சாய்ந்து சிரித்துக்கொண்டு நின்றாள். சுஜிந்தன் கமெராவைத் தூக்கினான், இறக்கினான், தூக்கினான்.

“சேர், இது சரிவராது. பாத்தா சந்தோசமா இருக்கிறாங்க” என்றான்.

வெளிச்சம் தேடிக்கொண்டு திரும்பி எங்கள் வளவுக்கே வந்தான். முன்வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனான். நான் ஓடினேன். அதற்குள் கொட்டிலைக் கண்டுவிட்டான். ஓட்டைத் தகரம், ஓட்டைக்குக் கீழே வைத்த வாளி, கறுத்த அடுப்பு, கொடியில் வாப்பாவின் நீலக்கட்டச் சாரன். தேடிய நகை கிடைத்தவன்போல நின்றான்.

“இது யாரிட, அக்கா?”

“ஒருத்தரும் இல்ல. பழைய விறகுக் கொட்டில்” என்றேன்.

உள்ளே வாப்பா இருமினார். நீளமாக. அவன் என்னைப் பார்த்தான்.

“ஆடு” என்றேன்.

றஸ்னாவுக்கு எல்லாம் தெரியும். அவளை அங்கே கூட்டிவந்தார்கள். எங்கள் அடுப்புக்கு முன்னால், எங்கள் பானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகத்துக்கு வெளிச்சம் போதவில்லை என்று சுஜிந்தன் ஒரு வெள்ளைத் தகட்டைத் தந்து என்னைப் பிடிக்கச் சொன்னான். பிடித்தேன். என் வீட்டுக்கு முன்னால், அவள் முகத்தில் விழும்படி, நான்தான் வெயிலைத் திருப்பிக் கொடுத்தேன்.

பின்னேரம் வாப்பாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோனேன். கோப்பையை வாங்கிக்கொண்டு, என்னை நிமிர்ந்து பார்த்து, “மே” என்றார்.

போஸ்டர் வந்தது. கல்முனை பஸ் நிலையத்தில், பாலமுனை தாண்டி அக்கரைப்பற்றுச் சந்தியில், பொத்துவில்வரை. மூன்று மொழியில். ‘இவளை மிச்சம் வைக்காதீர்கள்.’ முகம் அவளுடையது, கொட்டில் எங்களுடையது. அழகாக இருந்தாள், அதைச் சொல்லத்தான் வேண்டும். பஸ்ஸின் பின்பக்கத்தில் ஒட்டியிருந்ததால் நான் நேர்முகப் பரீட்சைக்குப் போகும் வழியெல்லாம் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். உம்மா போஸ்டரைப் பார்த்து முதலில் சொன்னது, பானையைக் கவிழ்த்துப் பிடித்திருக்கலாம், அடியில் கரி தெரிகிறது என்று. வாப்பா தன்னுடைய சாரன் பஸ்ஸில் கண்டிவரை போய்விட்டது என்று பெருமைப்பட்டார்.

மறுகா, கொஞ்ச நாளில், கலியாணம் பேசி வந்தார்கள். அவளுக்கு. ஒரு மாதத்தில் மூன்று இடம். எனக்கு மூன்று வருடத்தில் ஒன்றரை. (அந்த அரை, கடப்படியில் நின்று எட்டு வரிக் கல்லைப் பார்த்துவிட்டு, வாகனத்தைத் திருப்பிக்கொண்டு போனது.) அவளுக்கு வந்ததில் பொத்துவில் மாப்பிள்ளைக்கு அறுகம்பேயில் ஹோட்டல் வேலை. வீடு வேண்டாமாம். போஸ்டரைப் பார்த்து மனம் கலங்கிவிட்டாராம். எங்கள் கொட்டிலைப் பார்த்து அவளுக்கு வீட்டை மன்னித்திருக்கிறார். கொட்டிலின் சொந்தக்காரிக்கு அந்த மன்னிப்பு வந்து சேரவில்லை. முகவரி பிழை.

நான் பொறாமைப்படவில்லை. விபரிக்கிறேன்.

கொழும்புப் பேச்சை எழுதிக் கொடுத்தது நான். மூன்று பக்கம். பல்பரிமாண வறுமை, கட்டமைப்பு, விளிம்புநிலை. பத்து நாள், பின்னேரங்களில், எனது எட்டு வரிக் கல்லின்மேல் ஏற்றி நிற்க வைத்துப் பழக்கினேன். ‘பல்பரிமாண’ என்ற இடத்தில் ஒவ்வொரு நாளும் இருமினாள். வாப்பாவிடமிருந்து தொற்றியது என்றாள்.

மாநாட்டை போனில் நேரடியாகக் காட்டினார்கள். உம்மா முன்வீட்டைத் திறந்தா. பதினான்கு பெண்கள். மாமி நடுவில், எங்கள் சோபாவில். நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெளிச்சம் பிடித்ததுபோலவே. றஸ்னா மேடைக்கு வந்தாள். கடதாசியை மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். எத்தனை தடவை கேட்டேன் என்று கேட்காதீர்கள்.

“அஸ்ஸலாமு அலைக்கும். என்ட மச்சி மூணு பக்கம் எழுதித் தந்தா. நல்ல பேச்சு. எனக்குத்தான் நாக்குச் சுளுக்குது. இந்தப் படத்தில இரிக்கிற கொட்டில் எங்கட இல்ல. மச்சியாக்கள்ற. எங்கட வீட்டுக்கு சுண்ணாம்பு அடிச்சிட்டாங்க எண்டு என்னக் கொண்டுபோய் அங்க நிப்பாட்டினாங்க. அந்தக் கொட்டிலுக்கு முன்னால பெரிய வீடொண்டு இரிக்கி. அது மூத்த மகளுக்குக் குடுத்த வீடு. எங்கட பக்கம் அப்பிடித்தான். மகளுக்கு வீட்டக் கட்டிக் குடுத்துட்டு உம்மாவும் வாப்பாவும் பின்னுக்குப் போயிருவாங்க. ரோட்டால வாற ஆக்களுக்கு வீடுதான் தெரியும், பின்னுக்கு இரிக்கிற ஆக்களத் தெரியாது. ஒங்கட போமில அதுக்குக் கட்டமில்ல. ஒரு கட்டம் போடுங்க. அவ்வளவுதான். எனக்கு இடியப்பத்துக்கு மா வறுக்க இரிக்கி.”

ஒன்றரை நிமிடம். அந்த மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது.

இங்கே ஒருவரும் கைதட்டவில்லை. பதினான்கு பெண்களும் டைல்ஸைப் பார்த்தார்கள். மாமி மட்டும் மெதுவாக, மா ஏற்கெனவே வறுத்தாகிவிட்டது என்று சொன்னா. உம்மா எழுந்து போய் மின்விசிறியை நிற்பாட்டினா. “நம்மட குசினிய என்னத்துக்கு இவள் நாட்டுக்குக் காட்டுறாள்” என்றா. யாரிடம் சொன்னா என்று தெரியவில்லை.

நாலு வருடம் சமூகவியல் படித்தேன், ராத்தா. அந்தக் கொட்டிலில் படுத்துக்கொண்டு படித்தேன். முப்பது கேள்விப் போமைக் கையில் வைத்துக்கொண்டு இருநூறு வீடு ஏறி இறங்கினேன். அதில் எழுபது வீட்டிலாவது, முன்னால் பூட்டிய கதவும் பின்னால் புகையும் கண்டேன். அந்தக் கட்டம் இல்லை என்பது எனக்குத் தெரியவில்லை. இடியப்பம் விற்கப் போனவளுக்குத் தெரிந்தது. முகத்தை எடுத்தாள், போகட்டும். மாப்பிள்ளையை எடுத்தாள், போகட்டும். அந்த வாக்கியம் என்னுடையது. என்னுடைய கொட்டிலுக்குள் கிடந்தது. அவள் வந்து எடுத்துக்கொண்டு போனாள்.

அன்றிலிருந்து அவளோடு கதைக்கவில்லை. காலையில் வழமைபோல இடியப்பமும் சம்பலும் அனுப்புகிறாள். கதைக்காமல் சாப்பிடுகிறேன். ருசி குறையவில்லை. அதுவும் கோபமாக இருக்கிறது.

முதலாவது கேள்விக்குப் பதில் இதுதான். பொறாமை இல்லை.

இரண்டாவது கேள்விக்கு, ஓம், நமது கொட்டில்தான்.

இயக்கத்துக்கு அவளுடைய பேச்சு பிடித்துவிட்டது. இன்ஸாப் சேர் கோல் எடுத்தார். போமில் முப்பத்தோராவது கேள்வி சேர்த்துவிட்டார்களாம். ‘வீட்டை மகளுக்குக் கொடுத்துவிட்டுப் பெற்றோர் பின்னால் வசிக்கிறார்களா?’ இனி எங்களுக்கு இருபத்து நான்கு. காரியாலயம் மட்டும் முன்பு சொன்ன இடத்திலேயே, தை முதலாம் திகதி திறப்பு. யோசித்துப் பார்த்தேன். முன்னால் அதிவறுமையை ஒழிக்கும் காரியாலயம். பின்னால், பதினெட்டு அடியில், புள்ளியில் முதல் வீடு. இணைப்பாளர் இரண்டுக்கும் நடுவில் தேத்தண்ணி கொண்டு போய் வருவாள். வாகனச் செலவில்லை.

ஆகவே சம்மதத்தை ஒரு வரியில் எழுதிக் கையொப்பம் வைத்து, றிம்சான் திரும்பி வரும்போது கொடுத்துவிடுங்கள். உம்மாவும் வாப்பாவும் பின்னுக்கே பழகிவிட்டார்கள். மாரி தொடங்கியிருக்கிறது, வாளிகளை இரண்டாக்கியிருக்கிறோம். வாப்பாவின் இருமல் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அது மழைக்கு வரும், வெயிலுக்குப் போகும். இந்த மாரி கொஞ்சம் நீளும்போல.

மச்சானுக்கு என் ஸலாம். சின்னவனுக்கு நெற்றியில் ஒன்று, இரண்டு கன்னத்திலும் ஒவ்வொன்று. உங்கள் வீட்டில் பறக்கத் நிறையட்டும். உங்கள் முன்வாசலிலும் பின்வாசலிலும் அல்லாஹ்வின் ரஹ்மத் இறங்கட்டும். ஒரு பக்கம் மட்டும் இறங்கினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

உங்கள் தங்கச்சி,
ஆகிலா

பி.கு.: மூன்றாவது கேள்வி.

“நான் போகக்குள்ள உன்னட்டச் சொன்னத்த உம்மாட்டச் சொன்னியா, இல்லையாகா?”

இல்லை.

அஸர் தொழுதுவிட்டு வந்து எயார்போட் போகும் வானில் ஏறப்போனீர்கள். எல்லோரும் அழுதுகொண்டிருந்தார்கள். என்னை மட்டும் வான் கதவுக்கு இழுத்துச் சொன்னீர்கள். “உம்மாவையும் வாப்பாவையும் முன்னுக்கு எடுத்து வெச்சிரு. அவர்ட்டயும் கேட்டுட்டன், சரியெண்டாரு. நான் சொன்னா உம்மா அழுவா, மாட்டன் எண்டுவா. நீ சொல்லு. நீதான் கதைக்கப் படிச்சவ.” சாவியை என் கையில்தான் வைத்தீர்கள். நான் அதை உம்மாவின் கையில் வைத்து, “கூட்டிப் பெருக்கிறதுக்காம்” என்று சொன்னேன்.

மூன்று வருடம் நீங்கள் நம்பியதில் பிழையில்லை. நீங்கள் வீடியோ கோல் எடுக்கும்போதெல்லாம் உம்மா முன்வீட்டைத் திறந்து சோபாவில் இருந்துதான் கதைத்தா. மருமகன் கொட்டிலைக் காணக் கூடாதே என்று. உங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அவவுக்குப் பின்னால் இருந்த சுவர்மணிக்கூடு. நீங்கள் நினைத்தீர்கள், முன்னுக்கு வந்துவிட்டார்கள் என்று. உம்மா நினைத்தா, நீங்கள் சொல்லவில்லை என்று. நடுவில் நான். வெளிச்சத் தகட்டைப் பிடித்துக்கொண்டு.

ஏன் என்று கேட்பீர்கள். முன்னுக்குப் போனால் வாப்பா நனையாமல் தூங்குவார். நனையாமல் தூங்குகிறவர் ஒன்பதாவது வரிக் கல்லை யோசிக்க மாட்டார் என்று நினைத்தேன். அவர் ஒவ்வொரு மாரியும் வாளியைப் பார்த்துக்கொண்டு, பிறகு என் கல்லைப் பார்த்துக்கொண்டு இருப்பார். அந்தப் பார்வை எனக்குத் தேவையாக இருந்தது. ஒன்பதாவது வரி வரவில்லை. இருமல் வந்தது. இன்னொன்றும் உண்டு. உம்மாவையும் வாப்பாவையும் என்றீர்கள். என் பெயரைச் சொல்லவில்லை.

மேலே ‘பொறாமை இல்லை’ என்று வரும் இடங்களிலெல்லாம் ‘இல்லை’யை வெட்டிவிட்டு வாசியுங்கள். சம்மதக் கடிதம் வேண்டாம்.

கடிதத்தை ஒட்டப்போன நேரம் மழை பிடித்தது. மூன்றாவது வாளி வைக்க எழுந்த வாப்பாவைப் பார்த்தேன். உம்மாவிடம் சொன்னேன். “மூணு வருசமா வெச்சிரிந்த?” என்று கேட்டா. ஓம் என்றேன். “அஹ்ஸனும் சரியெண்டாராமா?” ஓம் என்றேன். அழவில்லை. வாப்பாவின் கட்டிலைத் திரும்பிப் பார்த்தா. “கட்டில் வாசலால போகுமா?” என்றா.

றஸ்னா வீட்டுக்குப் போய்க் கட்டில் தூக்க வரச் சொன்னேன். அந்தப் பேச்சுக்குப் பிறகு நான் அவளோடு கதைத்த முதல் வசனம். மாவு கையோடு வந்தாள். கட்டில் வாசலால் போகவில்லை, கால்களைக் கழற்றினோம். முன்வாசல் படியைத் தாண்டும்போது வாப்பா என்னைப் பார்த்து “மே” என்றார். றஸ்னா சிரித்துக் கட்டிலைப் போட்டுவிட்டாள். ஒரு டைல்ஸ் வெடித்திருக்கிறது, மன்னியுங்கள். பிறகு இன்ஸாப் சேருக்குக் கோல் எடுத்து, வீடு இல்லை, அதில் ஆட்கள் இருக்கிறார்கள் என்று சொன்னேன். ஆளும் இடமும் சேர்த்துத்தானே கேட்டேன் என்றார் அவர். வேலையும் இல்லை என்று விளங்கியது என்றேன்.

பிறகு கொட்டிலுக்குத் திரும்பிப் போய், என்னுடைய பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து, ஹோலில் யன்னலுக்குக் கீழே விரித்தேன்.